கடலுக்கு விதி தெரியுமா?

கடல் உயர்கிறதென்றால், "எல்லாம் விதி" என்று சொல்லித் திருப்தியடைகின்றவர்கள் நம்மில் அநேகர். விதியென்ற சொல் ஒரு தண்டவாளத்தையாவது காத்ததுண்டா? பாவம் போக்கும் தீர்த்தமென்ற தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயலலை அடித்தபோது, துறைமுகமும் இரயில் பாதையும், பிரயாணிகளோடு ஓர் இரயிலுமல்லவா அழிந்தன!

அது புயலின் வேலை. இன்றோ, நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமி சூடேறி, பனி உருகுகிறது, கடல்நீரும் விரிகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. இனி அதே புயல் வந்தாலும், அலை இன்னும் உள்ளே வரும்.

"பெருங்குடி கடற்கரையிலா இருக்கிறது?" என்பீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பின் வெள்ளம், ஒக்கியம் மடுவு வழியாய்ப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடல் சேரவேண்டும். கடலே உயர்ந்து நின்றால் வெள்ளம் எங்கே போகும்? பறக்கும் இரயில் பாலத்தின் மேல் ஓடலாம். அதில் ஏறவேண்டியவன் தரையில்தானே நிற்கிறான்!

அந்தச் சதுப்பிலே குப்பை கொட்டியதும் கட்டடம் எழுப்பியதும் எந்த விதி? மனிதன் கெடுத்ததை மனிதனே திருத்தவேண்டும். சதுப்பைத் தூர்ப்பதை நிறுத்தென்று, மடுவை அகலமாக்கென்று சர்க்காரைக் கேளுங்கள். கடலிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை, அதற்குக் காதில்லை.