மாட்டின் நலனைக் கத்தி முனையில் மட்டும் பார்க்கலாமா?

2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. அன்று முதல் 'மிருக நலன்' என்ற சொல்லே நம்மைக் குறிவைத்ததாகப் படுகிறது. காரணம் இல்லாமலில்லை. இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்கவும் அதே யோசனையில் இடமிருந்தது. மாடு சாவது நிற்கவில்லை, சாகும் நாடுதான் மாறியது.

ஆனால், இந்த வாதத்தில் வென்றதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுமா?

மஸ்கெலியாவில் படிப்பிக்கும் எனக்குத் தெரிந்த தோட்டக் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஒரு பசுதான் சேமிப்பு. பால் காசில் பிள்ளைக்குக் கொப்பி வருகிறது. பால் வற்றிய பசுவையும் காளைக்கன்றையும் விற்றால்தான் அடுத்த மாட்டுக்குத் தீனி. வாங்குவோரில் நம்மவர்களும் உண்டு. ஆகவே அந்த மாடு வாழ்ந்த விதத்திலும் நமக்குப் பங்குண்டு.

அதை எப்படி மதிப்பிடுவது? பிரித்தானியாவில் 1965இல் வெளியான பிரம்பெல் குழு அறிக்கையிலிருந்து வளர்ந்து, 1979இல் 'ஐந்து சுதந்திரங்கள்' வகுக்கப்பட்டன. பசி தாகமின்மை, வசதியான இருப்பிடம், வலியும் நோயுமின்மை, அச்சமின்மை, இயல்புப்படி நடக்க இடம் என்பனவே அவை. இவற்றைப் பார்க்கக் கருவி வேண்டாம். விலா எலும்பு துருத்துகிறதா? நொண்டுகிறதா? முழங்காலில் புண்ணா? ஆளைக் கண்டால் மிரள்கிறதா? மாடு நாளில் 10 முதல் 12 மணித்தியாலம் படுத்திருக்க வேண்டும். நம் மலை மழையில் கொட்டில் தரை ஈரமாகவே கிடந்தால் அது எங்கே படுக்கும்?

பாலின் அளவும் நலனுக்குச் சாட்சியல்ல. வெளிநாட்டிலிருந்து 20,000 கறவைப் பசுக்களைக் கொண்டுவரும் திட்டத்தில் 2017இல் 5,000 வந்தன. பல நோயுற்றன, பல இறந்தன. நோயோடுதான் வந்தன என்றார்கள் பண்ணையாளர்கள். பராமரிப்புப் போதவில்லை என்றது ஏற்றுமதி நிறுவனம். பழி யார்மீது விழுந்தாலும், கடனைச் சுமந்தது விவசாயி. வலியைச் சுமந்தது பசு.

அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு இலேசாக்கும்படி நபியவர்கள் (ஸல்) கட்டளையிட்டதை நாம் அறிவோம். நாள் முழுக்கத் தண்ணீரில்லாமல் லொறியில் நெருக்கி ஏற்றிவந்த மாட்டுக்குக் கூரிய கத்தி மட்டும் என்ன இலேசைத் தரும்?

1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா. சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த புதிய சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அத்தகைய சட்டத்தை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாமே. அதற்கு முன்னர், வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உழ்ஹிய்யா மாடு வாங்கும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் நிறையையும் விலையையும் கேட்பதோடு, அது எங்கே கட்டிக்கிடந்தது, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்றும் கேட்கட்டும். கேட்கத் தொடங்கினால் விற்பவரும் கவனிக்கத் தொடங்குவார்.