ஓர் அலகு மின்சாரம் என்ன விலை?

சொந்த வளவை விட்டுவந்து பிறர் காணியில் குடியிருக்கும் எமது குடும்பங்கள் பல, காணிக்காரரின் மின்மானியிலிருந்தே வெளிச்சம் பெறுகின்றன. மாத முடிவில் "குமிழுக்கு இவ்வளவு" என்று கேட்பார்கள், நாமும் கொடுத்துவிடுவோம். இது சரியான கணக்கல்ல என்பதே எமது கருத்து.

1,000 வொற் வலுவுள்ள பொருளொன்று ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு. பழைய 60 வொற் குமிழ் தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் 30 நாளில் 9 அலகு. 9 வொற் எல்.ஈ.டி. குமிழுக்கு அதே நேரத்தில் ஒன்றரை அலகும் ஆகாது. இரண்டும் "ஒரு குமிழ்"தான்! ஒரு குதிரைவலு நீர்ப்பம்பியோ மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய முக்கால் அலகு இழுக்கும். தினமும் இரண்டு மணித்தியாலம் இறைத்தால் மாதம் 45 அலகு. தோட்டத்துக்கு இறைத்தவர் யார் என்பது குமிழ்க் கணக்கில் தெரியவராது.

பட்டியலின் மொத்தத் தொகையை அலகுகளால் பிரியுங்கள். 80 அலகுக்கு 2,400 ரூபா என்று வைத்துக்கொண்டால், அலகு 30 ரூபா. (இது விளக்கத்துக்கு எடுத்த தொகை, கட்டணம் அடிக்கடி மாறுகிறது.) அதற்கு மேல் கேட்பவரிடம் காரணம் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

ஆனால் பெரிய அநியாயம் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டினால் முதலாவது அலகிலிருந்தே கூடிய விலை. நிலையான கட்டணமும் ஏறும். மாதம் 40 அலகு பாவிக்கும் இரு ஏழைக் குடும்பங்கள் ஒரே மின்மானியில் சேர்ந்தால், 80 அலகு பாவிக்கும் வசதியான வீடாகவே கணிக்கப்படும். தனித்தனி மின்மானி இருந்தால் இரண்டுமே கீழ்ப்படியில் நின்றிருக்கும். இதில் காணிக்காரருக்கும் நட்டந்தான். அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

இப்போதைக்கு, தெரிந்த மின்வேலையாளரைக் கொண்டு உப மின்மானியொன்று பூட்டுங்கள். நிலையான கட்டணத்தைச் சரிபாதியாகவும், மிகுதியைப் பாவித்த அலகுப்படியும் பிரியுங்கள்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுள் காணி திரும்பக் கிடைக்காதோர் இன்னமும் உள்ளனர். இத்தனை வருடமாக இருப்பவரைத் தற்காலிகக் குடியிருப்பாளர் என்பது பொருந்தாது. உறுதி இல்லாவிடினும், காணிக்காரரின் சம்மதக் கடிதத்தின் பேரில் தனி இணைப்பு வழங்கவேண்டும் என்று பங்குச் சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சேர்ந்து கேட்கவேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கடைசி மூன்று பட்டியல்களையும் காணிக்காரரிடம் வாங்கிக் கொண்டுபோங்கள். மனு எழுத அந்த எண்கள் வேண்டும்.