கோப்பி வறுத்தல்: கலையா, அடுப்படி வேலையா?

எம்மவருள் படித்த இளைஞர் சிலரிடையே அண்மைக் காலத்திற் புதியதொரு பொழுதுபோக்குப் பரவி வருகின்றது. பச்சைக் கோப்பிக்கொட்டையை வாங்கி, வீட்டிலேயே வறுத்து, கையாற் சுற்றும் சிறு பொறியில் அரைத்து, கடதாசி வடியிலிட்டு, நீரின் வெப்பநிலையை அளந்து ஊற்றிப் பருகுவதே அது. வெப்பமானி, தராசு, கடிகாரம், குறிப்பேடு ஆகிய நான்கும் இன்றி அவர்கள் அடுப்பை மூட்டுவதில்லை. இதனைப் பழிக்க நான் வரவில்லை. நல்ல கோப்பியை விரும்புவதும் அதனைத் தன் கையாலே ஆக்கிக்கொள்வதும் குற்றமாகா. நான் மறுக்க வருவது அப்பொழுதுபோக்கோடு கூடவே வரும் ஒரு பேச்சையே. "இது ஒரு கலை, மேல்நாட்டாரிடம் கற்கவேண்டிய கலை" என்பது அப்பேச்சு. இவ்வாறு பேசும் இளைஞரின் வீட்டு அடுப்படியில், அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒருத்தி கோப்பி வறுத்து வந்திருக்கின்றாள். அவள் செய்வதற்கு அவர் வழங்கும் பெயர் வேறு. அது வெறும் 'வேலை'.

தமிழ்ச் சங்க மலரொன்றிற் கோப்பிக்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். ஒரே செயலுக்கு, அதனைச் செய்பவர் யார் என்பதைப் பொறுத்து இரு பெயர்களை ஒரு சமூகம் வழங்குமாயின், அப்பெயர்களை ஆராய்வது மொழியையும் சமூகத்தையும் கற்போரின் கடமையாகும். அவ்வளவே என் விடை.

முதலிற் செயலை நோக்குவோம். பச்சைக் கொட்டை சூடேறுகையில் முதலில் ஈரத்தை இழந்து மஞ்சள் நிறம் பெறுகின்றது. பின்னர் கபில நிறமாகின்றது. அமினோ அமிலங்களும் வெல்லங்களும் வெப்பத்திற் கூடி நிறத்தையும் மணத்தையும் தோற்றுவிக்கும் இத்தாக்கத்தை 1912இல் விபரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயாரின் பெயராலேயே அது வழங்கப்படுகின்றது. கொட்டையின் வெப்பநிலை 200 பாகை செல்சியசை அண்மிக்கும் வேளையில், உள்ளே சிக்கிய நீராவியும் வாயுக்களும் அதனை வெடிக்கச் செய்கின்றன. இதுவே முதல் வெடிப்பு. மேலும் சூடேற்றினால் மெல்லிய ஒலியுடன் இரண்டாம் வெடிப்பு நிகழும். எண்ணெய் மேலே கசியும். அதற்கு அப்பாற் கரியே எஞ்சும். வறுத்து முடிகையிற் கொட்டை தன் எடையில் ஏறத்தாழ 15 தொடக்கம் 20 வீதத்தை இழந்திருக்கும்.

இனி என் அம்மம்மா செய்ததைக் கூறுகின்றேன். மதியச் சாப்பாடு முடிந்து அடுப்பு ஓய்ந்த பின்னரே அவர் தாச்சியை ஏற்றுவார். விறகை முன்னே இழுத்தும் பின்னே தள்ளியும் சூட்டை ஆள்வார். அகப்பை ஒருகணமும் ஓயாது. முதல் வெடிப்பைக் கேட்டதும் விறகை இழுத்துவிடுவார். நிறத்தைப் பார்த்து இறக்கிச் சுளகிற் கொட்டி, விரைவாக ஆறும்படி பரப்பிப் புடைப்பார். கொட்டையிலிருந்து கழன்ற மெல்லிய தோல் காற்றிற் பறந்துவிடும். மல்லியையும் வேர்க்கொம்பையும் வேறாக வறுத்துச் சேர்த்து, உரலிலிட்டு இடித்து, அரித்துப் பேணியில் அடைப்பார். புதிய பொழுதுபோக்காளர் வெப்பமானியில் அறிவதை அவர் காதாலும் மூக்காலும் அறிந்தார். வெடிப்பொலியைக் கேட்டுச் சூட்டைக் குறைக்கவேண்டும் என்பதும், இறக்கியவுடன் ஆற்றாவிடிற் கொட்டை தன் சூட்டிலேயே தொடர்ந்து கருகும் என்பதும் இன்றைய நூல்கள் கூறும் விதிகள். அவ்விதிகள் அவருக்குத் தெரிந்திருந்தன. அவற்றிற்கு அவர் பெயரிடவில்லை. அவரிடம் எவரும் கேட்கவுமில்லை.

'மேல்நாட்டாரிடம் கற்கவேண்டியது' என்ற கூற்றும் வரலாற்றின் முன் நிற்காது. மேல்நாட்டிலும் கோப்பி வீட்டு அடுப்பிலேயே நெடுங்காலம் வறுக்கப்பட்டது. 1864இல் ஐக்கிய அமெரிக்காவில் ஜேபஸ் பேண்ஸ் புதிய வறுக்கும் பொறியொன்றிற்குக் காப்புரிமை பெற்றார். ஆர்பக்கிள் சகோதரர் அத்தகைய பொறியைக் கொண்டு வறுத்த கோப்பியைக் கடதாசிப் பைகளில் அடைத்து நாடெங்கும் விற்றனர். இல்லத்தரசியரின் வறுவலிற் கொட்டை கருகும், தம் ஆலையின் வறுவலே சீரானது என்பது அவ்வணிகத்தின் வாதம். 1938இல் நெஸ்கபே சந்தைக்கு வந்தபின் வடித்தலும் வேண்டாததாயிற்று. இவ்வாறு வீட்டிலிருந்து அறிவைப் பிரித்தெடுத்த அதே சந்தையே இன்று வீட்டில் வறுக்கும் சிறு பொறிகளையும் விற்கின்றது. 1996இல் வெளியான கெனத் டேவிட்சின் வீட்டுவறுவல் நூலின் தலைப்பிலேயே 'மறுமலர்ச்சி' எனப் பொருள்படும் சொல் உண்டு. அழிந்தது மீண்டால் அது மறுமலர்ச்சி. எமது வீடுகளில் அது முற்றாக அழியவில்லை. அழியாத ஒன்றை இறக்குமதி செய்யவேண்டும் என்று நம்புவது அறியாமை மட்டுமன்று. கண்முன் நிற்பவளைக் காண மறுக்கும் மனப்பாங்குமாகும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். "நாங்கள் அளக்கின்றோம், குறிக்கின்றோம், பிழையைத் திருத்துகின்றோம், அவர்கள் வெறும் பழக்கத்தாற் செய்கின்றனர்" என்பர். இம்மறுப்பின் ஒரு பாதியை நான் ஏற்கின்றேன். அளவு வேண்டும். எமது வீட்டுக் கோப்பியில் குறைகள் உண்டு. பல வீடுகளில் கொட்டை மிகையாகக் கருக்கப்படுகின்றது. அக்கசப்பை மல்லியும் பனங்கட்டியும் மறைக்கின்றன. பச்சைக் கொட்டை பல மாதங்கள் கெடாதிருக்கும். வறுத்தது சில வாரங்களில் மணமிழக்கும். அரைத்ததோ அதனினும் விரைவில் மங்கும். ஒரே நாளில் இடித்து ஒரு மாதத்திற்குப் பேணியில் அடைக்கும் வழக்கம் சுவைக்குப் பகை. ஆயின் அவ்வழக்கம் ஏன் வந்தது? நாள்தோறும் உலக்கை பிடிக்க அவளுக்கு நேரமும் வலுவும் இல்லை. வீட்டில் வேறெவரும் உலக்கையைத் தொடுவதுமில்லை. பழக்கத்தின் குறை என நீங்கள் காண்பது உழைப்புப் பங்கீட்டின் குறையே.

எதிர்ப்புறத்திலிருந்து வருவோரையும் நான் விட்டுவிடுவதற்கில்லை. "எங்கள் பாட்டிமாரின் கோப்பிக்கு ஈடுண்டோ" என்று மேடையில் உருகும் பழம்பெருமையாளர் அவர்கள். மேல்நாட்டுப் பொறியை இகழும் அவர்கள் உள்நாட்டு உரலைப் புகழ்வர். இடிப்பவளின் தோள்வலியைப் பற்றி ஒரு சொல்லும் கூறார். முன்னவர் அவளைக் காணவில்லை. பின்னவர் அவளைப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டனர். இருவருக்கும் கோப்பி மட்டும் நேரத்திற்கு வந்துவிடவேண்டும்.

கோப்பியின் தாயகமான எதியோப்பியாவில் விருந்தினர் முன்னிலையிலேயே கொட்டை வறுக்கப்படுகின்றது. வறுத்தவற்றின் புகையை நுகருமாறு அவர்முன் கொண்டுவருவதும், அபோல், தோனா, பரக்கா என மும்முறை கோப்பி வார்ப்பதும் மரபு. அங்கும் வறுப்பவள் பெண்ணே. சுமையும் பெரும்பாலும் அவளதே. ஆயினும் அவளது செயலைக் காண்பதற்கு அவை கூடியிருக்கின்றது. எமது வீடுகளிலோ விருந்தினர் முன்விறாந்தையில் அமர்ந்திருப்பர். வறுத்தலும் இடித்தலும் பின்புறத்திற் புகைக்குள் நிகழும். முன்னே வருவது மூக்குப்பேணி மாத்திரமே.

அவ்வாறாயின் பொழுதுபோக்கிற்கும் வேலைக்கும் உண்மையான வேறுபாடு எது? அறிவில் இல்லை, அதனை மேலே கண்டோம். சுவையிலும் இல்லை. விட்டுவிடும் உரிமையிலேயே அது உள்ளது. குறிப்பேட்டு இளைஞர் இன்று சலிப்புற்றால் இன்றே நிறுத்தலாம்; கொட்டை கருகினால் அது அவருக்கு ஒரு பரிசோதனை. என் அம்மம்மாவுக்கு நிறுத்தும் உரிமை இருக்கவில்லை. கருகினால் அது அவருக்கு ஒரு வசவு. வறுத்த கோப்பியை எல்லோருக்கும் வார்த்த பின்னர் அடியில் எஞ்சிய மண்டியை அவர் ஆறியபின் குடித்ததை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். அப்போது அது எனக்கு இயல்பாகவே தோன்றிற்று. அவ்வியல்பையே இன்று நான் குற்றஞ்சாட்டுகின்றேன். அதில் எனக்கும் பங்குண்டு.

ஆதலின் கோப்பி வறுக்கும் நண்பர்களுக்கு நான் கூறுவது 'நிறுத்துங்கள்' என்பதன்று. தொடர்ந்து வறுங்கள். ஆனால் உங்கள் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் உங்கள் தாயாரும் பாட்டியாரும் அறிந்தவற்றை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அவை எழுதப்படாமலே அவர்களுடன் மறைந்து வருகின்றன. உங்களுக்கென ஒரு கிண்ணம் வறுப்பதோடு நில்லாது, வீடு முழுவதற்கும் வேண்டியதை வாரந்தோறும் வறுத்து அரையுங்கள். அப்போது தூளும் புதிதாயிருக்கும், அவளது தோளும் ஓயும். விருந்தினர் வரும் நாளில் மட்டுமன்றி, சலிப்புற்ற நாளிலும் செய்யுங்கள். இறுதியாக, கரிபிடித்த தாச்சியையும் நீங்களே கழுவுங்கள். அதன் பின்னரும் அது கலையாகவே உங்களுக்குத் தோன்றுமாயின், அப்பெயரை அவளுக்கும் சேர்த்தே வழங்குங்கள்.