அளவறிந்து சுருதி கூட்டுவோம்

கொலன்னாவையில் நண்பர் ஒருவரது இல்லத்துக்கு நாம் சென்றிருந்தபோது, அவருடைய சிறிய மகள் கலங்கிய கண்களுடன் எம்மிடம் வந்தாள். அவள் கையில் தமையனுடைய பெரிய யுகுலேலே; முதலாந் தந்தி அறுந்து தொங்கிற்று. “மாமா, என்னுடைய சின்னதைப் போலத்தான் இதற்கும் சுருதி கூட்டினேன். அண்ணா ஏசுவார்” என்றாள்.

குழந்தையின் செவியிற் குறையில்லை. கருவியின் அளவை அவள் அறியாததே குறை.

1879ஆம் ஆண்டில் மதேராத் தீவிலிருந்து ஹவாயிற் குடியேறிய போர்த்துக்கேயர் கொண்டுசென்ற சிறு கித்தாரின் வழிவந்ததே யுகுலேலே. அதில் நால்வகை உண்டு. சொப்ரானோ, கொன்சேட், தெனோர் என்பவற்றின் தந்தி நீளம் முறையே ஏறக்குறைய 13, 15, 17 அங்குலம். இம்மூன்றுக்கும் ஜி, சி, ஈ, ஏ என்பதே வழக்கமான சுருதி. சுருதி ஒன்றாயினும் நாதம் ஒன்றன்று. சிறியது துள்ளி ஒலித்து விரைவில் அடங்கும். பெரியதன் ஒலி தடித்து, நீடித்து நிற்கும். நான்காவதான பரிட்டோனின் தந்தியோ ஏறக்குறைய 19 அங்குலம். அதற்குரிய சுருதி டி, ஜி, பி, ஈ. ஈ-யில் நிற்க வேண்டிய முதலாந் தந்தியை ஏ-வரை ஏற்றினால், அதன் இழுவிசை முக்கால் பங்குக்குமேல் கூடிவிடும். அறாமல் என் செய்யும்?

இவ்வுண்மை எமக்குப் புதியதன்று. பெண்குரலுக்குச் சிறிய தம்புராவும் ஆண்குரலுக்குப் பெரிய தம்புராவும் கொள்வது எமது வழக்கம். நாகசுரத்திலும் குட்டையான திமிரியின் ஒலி உச்சமானது; நீண்ட பாரியின் ஒலி தாழ்ந்து கம்பீரமானது. பாரியைப் பரவச் செய்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்கள்.

பெற்றோர் இங்கே ஒன்றைச் சிந்தித்தல் நன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ பிள்ளைகள் பாட்டுப் பயில்கின்றனர். பெரியவரின் சுருதிக்கு இசையச் சின்னஞ்சிறு தொண்டையை வருத்துவது, அந்தத் தந்தியை முறுக்கியது போன்றதே. அறுந்த தந்திக்கு மாற்றுக் கடையில் உண்டு. குரலுக்கு மாற்று ஏது?

மாலையில் புதிய தந்தி பூட்டி, ஈ-யில் நிறுத்தினோம். வீடு திரும்பிய தமையன் ஏசவில்லை. தங்கையின் சிறு கருவியையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் சேர்த்து வாசிக்க அவளுக்குக் கற்பிக்கத் தொடங்கினான்.