முதலில் ஹிட்ச்சைப் பாருங்கள்!

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்குச் சின்ன டிராக்டர் வாங்கப் போகிறவர்களில் பலர் "எத்தனை எச்.பி.?" என்றுதான் கேட்கிறார்கள். பின்னால் குனிந்து ஹிட்ச்சைப் பார்ப்பவர்கள் குறைவு. இதைவிட அபத்தம் உண்டா?

வெறும் இழுவைத் தட்டில் டிரெய்லர் ஓடும். கலப்பையைத் தூக்க அது உதவாது. ஸ்லீவ் ஹிட்ச் தூக்கும், ஆனால் சின்னக் கருவிகளோடு சரி. கனமான வேலைக்கு மூன்று புள்ளி இணைப்புதான். 20 எச்.பி.க்குள் அது 'கேட்டகிரி 0'. மலிவென்று 'கேட்டகிரி 1' கருவியை வாங்கினால் பின் துளைக்குள் போகாது!

காசோடு முடிந்தால் பரவாயில்லை. பின்அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி மரவேரை இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்த ஹாரி ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பில், கலப்பை தடுக்கினால் மேல்கம்பி முன்சக்கரத்தைக் கீழே அழுத்தும்.

முதலில் ஹிட்ச், அப்புறம் கருவி, கடைசியில்தான் எச்.பி.!