வந்தோர் வகுத்த நாடு

ஒரு நாட்டைத் தமதென்று கூறும் உரிமை யாருக்கு உண்டு? முதலில் வந்து குடியேறியவருக்கே அவ்வுரிமை என்பது பலரது எண்ணம். இவ்வெண்ணத்தை உரசிப் பார்க்கத்தக்க உரைகல், இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரிசியஸ். அங்குத் தொல்குடிகள் என்று எவரும் இலர். கடல்கடந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே அந்நாட்டு மக்கள்.

நிலமும் கடலும்

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவில், எரிமலைக் குழம்பால் உருவான தீவு மொரிசியஸ். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஆசியாவுக்குச் சென்ற ஐரோப்பியக் கப்பல்களுக்கு அது தங்குமிடமாயிற்று. 1638இல் டச்சுக்காரர் குடியேறினர். கரும்பைக் கொணர்ந்தவரும் அவரே. 1710இல் அவர்கள் வெளியேற, 1715இல் பிரெஞ்சுக்காரர் தீவுக்கு உரிமை கொண்டனர். 1810இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அடிக்கடி வீசும் சூறாவளியைப் பிற பயிர்களைவிடத் தாங்கி நிற்பது கரும்பு. ஆகவே கரும்பே தீவின் பொருளாதாரமாயிற்று. கரும்புக்கு வேண்டிய கைகளே அதன் மக்கள்தொகையை முடிவுசெய்தன.

விலங்கும் ஒப்பந்தமும்

மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1835இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது இழப்பீடு பெற்றவர் உடைமையாளரே. விடுதலை பெற்றவருக்கு ஒரு காசும் கிட்டவில்லை. தோட்டங்களுக்காக 1834 முதல் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கினர். அடுத்த முக்கால் நூற்றாண்டில் அவ்வாறு வந்தோர் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் பெயர்த்தெடுத்துக் குவித்த எரிமலைக் கற்கள் இன்றும் கரும்புக் காடுகளிடையே குன்றுகளாய் நிற்கின்றன. பிரெஞ்சு ஆட்சியிலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர் அங்குச் சென்றிருந்தனர். சீன வணிகரும் குசராத்தி வணிகரும் பின்னர் வந்து சேர்ந்தனர்.

நினைவும் உரிமையும்

1968 மார்ச் 12இல் விடுதலை பெற்ற அந்நாடு, இவ்வரலாற்றை மறைக்கவில்லை. அடிமைமுறை ஒழிந்த பிப்ரவரி 1, ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நவம்பர் 2 ஆகிய இரண்டும் அங்கு அரசு விடுமுறை நாள்கள். தைப்பூசக் காவடித் திருநாளும் அவ்வாறே. தொழிலாளர் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் 2006இலும், தப்பியோடிய அடிமைகள் புகலடைந்த லெ மோர்ன் மலை 2008இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. 1998இல் வெளியான பணத்தாள்களில் தமிழ் எழுத்து தன் வழக்கமான இடத்திலிருந்து இந்திக்குக் கீழே இறக்கப்பட்டது. அங்குள்ள தமிழருள் பெரும்பாலோர் அன்றாடம் பேசுவது கிரியோல் மொழியே. எனினும் அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. எழுத்து அவர்களுக்கு வாசிப்பதற்கு மட்டும் உரியதன்று. நாட்டில் தமக்கும் பங்குண்டு என்பதற்கான சான்றாகும்.

ஒவ்வோர் இனமும் தன் நினைவைப் பேணினால் நாடு சிதறாதா என வினவுவோர் உளர். மறக்கச் செய்வது ஒற்றுமையாகாது. மறக்கப்பட்டவர் மனத்தில் அயன்மையே வளரும். ஆயினும் நினைவு வேறு, வேலி வேறு. சிறுபான்மையினர் விடுபடாதிருக்க, தேர்தலில் தோற்றவர்களுள் எண்மர் வரை சமூக அடிப்படையில் உறுப்பினராக்கும் முறை அந்நாட்டில் ஏற்பட்டது. காவலாக அமைந்த அம்முறையே, வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சமூகத்தை அறிவித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தால் வேலியாகவும் மாறியது; நெடிய விவாதத்திற்கும் உள்ளாயிற்று. குடிமகனுக்குத் தன் முன்னோரைச் சொல்லும் உரிமை வேண்டும்; சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கூடாது.

நிலவியல் வாயிலைத் திறக்கிறது. வரலாறு மக்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அவர்களை ஒரு நாட்டினராக்குவது நீதியே. எவர் முதலில் வந்தார் என்று எண்ணுவதைவிட, வந்தவருள் எவருக்கு இன்னும் உரிய பங்கு கிட்டவில்லை என்று எண்ணுவதே நாட்டுக்கு நலம் பயக்கும்.