ஏ, பி, சி, டி, எக்ஸ்: காலாவதியான அட்டவணையும் நம் ஆய்வேடுகளும்

சித்தூரிலும் திருப்பதியிலும் பார்ம் டி பயிலும் தமிழ் மாணவர் சிலர் தம் ஆய்வேட்டு முன்வரைவுகளை எனக்கு அனுப்புவதுண்டு. இம்மாதம் இரண்டு வந்தன. ஒன்று கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்களுக்கு எழுதப்படும் மருந்துகளைப் பற்றியது; மற்றொன்று எண்டோஸ்கோபி அறையில் கையாளப்படும் மருந்துகளைப் பற்றியது, அதில் கருவுற்ற நோயாளிகளுக்கென ஒரு பகுதி. இரண்டிலும் ஒரே அட்டவணை: அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஏ, பி, சி, டி, எக்ஸ். எந்த எழுத்தில் எத்தனை விழுக்காடு என்று ஒரு வட்டப்படம். அதன் கீழே, பெரும்பாலான மருந்துகள் பாதுகாப்பானவை என்னும் முடிவு.

1979இல் வந்த அந்த வகைப்பாட்டை உருவாக்கியவர்களே கைவிட்டுவிட்டார்கள். 2014 டிசம்பரில் புதிய விதி வெளியாகி, 2015 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. மனிதரிடம் கிடைத்த தரவு எது, விலங்கிடம் கிடைத்தது எது, சிகிச்சை தராவிட்டால் நோயே விளைவிக்கும் கேடு எது என்று இப்போது உரைநடையில் விளக்க வேண்டும். எழுத்துகளைத் தேர்வு மதிப்பெண் போல் எல்லோரும் படித்ததே அவற்றை நீக்கியதற்குக் காரணம். நாமோ இன்னும் அப்படித்தான் படிக்கிறோம்.

நெஞ்செரிச்சலுக்குத் தரும் ஒமிப்ரசோலை எடுத்துக்கொள்வோம். அதன் வகுப்பு மருந்துகளில் கர்ப்பிணிகளிடம் மிகுதியாக ஆராயப்பட்டது அதுவே. ஆயினும் விலங்குச் சோதனைகளின் பேரில் சி பெற்றது. மனிதத் தரவு அதைவிடக் குறைவாயிருந்த பாண்டோபிரசோலுக்கு பி. வட்டப்படத்தில் பின்னது வெல்லும்! அல்பெண்டசோலும் சி, முதல் மும்மாதம் கடந்தபின் 400 மில்லிகிராம் ஒரே வேளையாகத் தருமாறு நம் தேசிய வழிகாட்டுதலே சொல்கிறது. அப்படியானால் வழிகாட்டுதலைப் பின்பற்றிய மருத்துவர் நம் ஆய்வேட்டில் 'இடர்' எண்ணிக்கையைக் கூட்டியவர் ஆகிறார். கருத்தடை மாத்திரைக்கு எக்ஸ் கிடைத்ததோ, கர்ப்பத்தில் அதனால் பயனேதும் இல்லை என்பதாலும்தான்.

எண்டோஸ்கோபிப் பகுதியில் இது இன்னும் கொடிது. கல்லீரல் வாயிற்சிரை அடைப்பு நம் நாட்டில் இளவயதினரிடம் அரிதன்று. அத்தகைய பெண் ஆறாம் மாதத்தில் இரத்த வாந்தியோடு வருகிறாள் என்று கொள்வோம். உணவுக்குழாயின் புடைத்த சிரைகளை வளையமிட்டுக் கட்டியாக வேண்டும். சிறிதளவு மிடசோலம் தேவைப்படலாம். அதன் பழைய எழுத்து டி. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணித்தார்களா, இடப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தினார்களா, குறைந்த அளவே கொடுத்தார்களா என்பவையே கேட்கத் தக்கவை. முன்வரைவில் இவற்றுள் ஒன்றும் இல்லை. டி மட்டும் இருக்கிறது. நாளை அதைப் படிக்கும் இளம் மருத்துவர் அந்த எழுத்துக்கு அஞ்சிக் கைகட்டி நின்றால் யார் பொறுப்பு?

மாணவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. என் முதுநிலை ஆய்வேட்டிலும் இதே வட்டப்படம் உண்டு, அதுவும் 2015க்குப் பிறகு. வழிகாட்டியும் தேர்வாளரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பழைய ஆய்வேட்டைப் பார்த்துப் புதியது எழுதும் வழக்கத்தை நெறிமுறை என்று பெயரிட்டு வளர்த்தவர்கள் வழிகாட்டிகள். கட்டணம் பெற்று அதை அச்சிடும் இதழ்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதற்கிடையே எண்ணப்பட வேண்டியது எண்ணப்படாமல் கிடக்கிறது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை 180 நாளைக்குத் தரப்படுகிறது. அதை அவள் விழுங்கினாளா? சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடைவெளி வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? எந்த மொழியில்? வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் சித்தூர்ப் பெண்ணின் கையில் இருப்பது ஆங்கில அட்டை. இதை அறிய வெளிநோயாளர் பிரிவின் வாயிலில் அமர்ந்து அவளோடு கால்மணி நேரம் பேசினால் போதும்.

இரு முன்வரைவுகளையும் அட்டவணையை நீக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஒருவர் உடனே மறுமொழி எழுதினார்: "அதை எடுத்துவிட்டால் முடிவுகள் அதிகாரம் மூன்று பக்கம்தான் வரும், அண்ணா. வழிகாட்டி ஏற்கமாட்டார்." அந்த வழிகாட்டிக்கு நானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பதிவின் முதல் படியை அவருக்குத்தான் அனுப்பினேன்.